அறுகோண வீரர்: மா லோங்கை வைத்து டேபிள் டென்னிஸைப் புரிந்துகொள்வது

டிவியில் டேபிள் டென்னிஸ் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே குழப்பம்தான். ஒலிம்பிக் அரையிறுதி. உலகத் தரவரிசையில் முன்வரிசையில் இருக்கும் ஒருவருக்கு எதிரிலிருந்து ஒரு பந்து மெதுவாக, அப்பாவியாக வருகிறது. நம் வீட்டுப் பையன்கூட அடித்துவிடுவான் போலிருக்கிறது. அந்தப் பெரிய ஆட்டக்காரர் அதை நேராகக் கொண்டுபோய் நெட்டில் அடிக்கிறார். அடித்துவிட்டு, இது நடக்கக்கூடியதுதான் என்பதுபோல் டவலை எடுக்கப் போகிறார். என்னதான் நடந்தது?

எனக்கு இது புரிந்தது ஒரு மொட்டை மாடியில். அலுவலகத்தில் எங்களுக்காக ஒரு டேபிள் வாங்கிப் போட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருப்போம். அந்த வட்டத்தில் நான் ஓரளவு நல்ல ஆட்டக்காரன் என்றே நினைத்திருந்தேன். பள்ளி நாட்களில் முறையாகப் பயிற்சி எடுத்த ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். முதல் சர்வீஸ் போட்டார். நான் பேட்டைப் பந்தில் சரியாகத்தான் வைத்தேன். பந்து வலப்பக்கமாகப் பறந்து தண்ணீர் டேங்குக்கு அடியில் போய் விழுந்தது. அடுத்தது நெட்டில். அதற்கடுத்தது மேலே எழும்பி அவர் கைக்கு வசமாகப் போனது. மூன்று முறையும் அவர் கை அசைந்த விதம் ஒன்றுபோலவே இருந்தது. பதினொன்றுக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவர் போட்ட பிச்சை.

இந்த விளையாட்டில் கண்ணுக்குத் தெரிகிற பந்தும் பேட்டில் படுகிற பந்தும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தை விளக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி, மா லோங் என்ற ஒரே ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு அவர் ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

மா லோங் 1988 அக்டோபர் 20 அன்று சீனாவின் வடகிழக்கே, லியாவ்னிங் மாகாணத்து அன்ஷான் நகரத்தில் பிறந்தார். அன்ஷான் எஃகு ஆலைகளுக்குப் பேர்போன ஊர். குடும்பப் பெயரான 'மா'வுக்குக் குதிரை என்று பொருள். 'லோங்' என்றால் டிராகன். சீன நாட்காட்டிப்படி 1988 டிராகன் ஆண்டு. ஐந்து வயதில் பேட்டைப் பிடித்தார், பதின்ம வயதின் தொடக்கத்தில் பெய்ஜிங்குக்குப் போனார், 2003-ல் தேசிய அணிக்குள் வந்தார். 2024-ல் பாரிஸில் ஒலிம்பிக் மேடையிலிருந்து கடைசியாக இறங்கியபோது அவரிடம் ஆறு ஒலிம்பிக் தங்கங்கள் இருந்தன. வேறெந்தச் சீன விளையாட்டு வீரரும் அதுவரை அத்தனை தங்கம் வாங்கியதில்லை.

சீன ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'அறுகோண வீரர்'. ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆட்டக்காரர்களின் திறமையைச் சிலந்தி வலை போன்ற வரைபடமாகக் காட்டினார்கள். ஆறு மூலைகள்: வலிமை, வேகம், நுட்பம், சர்வீஸ், தடுப்பு, அனுபவம். ஒரு திறமை எவ்வளவு அதிகமோ அந்தக் கோடு அவ்வளவு வெளியே நீளும். மற்ற ஆட்டக்காரர்களின் படம் ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் ஒடுங்கி, கசங்கிய காகிதம்போல இருந்தது. மா லோங்கின் படத்தில் ஆறு மூலையும் விளிம்புவரை நிரம்பி, ஓர் ஒழுங்கான அறுகோணம். இன்று சீனாவில் எல்லா வேலையும் தெரிந்த அலுவலக ஊழியரையும் கிண்டலாகவோ பாராட்டாகவோ 'அறுகோண வீரர்' என்கிறார்கள். நம்மூரில் சகலகலா வல்லவன் என்கிறோமே, அதுபோல.

எனக்கு இதில் சுவாரஸ்யமான விஷயம் வேறு. அந்த அறுகோணம் பிறவியிலேயே நிரம்பியிருக்கவில்லை. அவருக்கு இருபத்தாறு வயது ஆகும்வரை ஒரு மூலை குழிந்தே இருந்தது. அந்தக் கதைக்குப் போகுமுன் பந்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் பந்தை மேசைமேல் வைத்து, அதன் பின்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிதுக்கிவிடுங்கள். பந்து முன்னால் ஓடும், நடுவழியில் தயங்கும், பிறகு தானாகவே உங்களிடம் திரும்பி வரும். அது முன்னால் நகர்ந்துகொண்டே பின்புறமாகச் சுழன்றதுதான் காரணம். இதைத்தான் பேக்ஸ்பின் என்கிறோம். பேட்டால் பந்தின் அடியைச் சீவினால் இந்தச் சுழற்சி கிடைக்கும். நம் கிளப்களில் இதற்கு 'கட்' என்றும் பெயர். எதிராளி இப்படிச் சீவிய பந்தில் உங்கள் பேட்டைச் சும்மா நேராக வைத்தால், சுழற்சி ரப்பரைக் கவ்விக் கீழே இழுக்கும். பந்து நெட்டில் விழும். தொடக்கத்தில் சொன்ன உலகத் தர ஆட்டக்காரருக்கு நடந்தது இதுதான். பந்தில் எவ்வளவு கட் இருக்கிறது என்று அவர் போட்ட கணக்கு கொஞ்சம் பிசகிவிட்டது.

இதற்கு நேரெதிர் டாப்ஸ்பின். பந்தின் மேல்பக்கத்தை முன்னோக்கி உரசி எழுப்புவது. அப்படிச் சுழலும் பந்து காற்றில் போகப் போகக் கீழே வளையும். அதனால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் டேபிளுக்குள்ளேயே விழும். விழுந்ததும் எகிறிப் பாயும். அதற்கு நேராக பேட்டை வைத்தால் பந்து கூரைக்குப் போகும். நவீன டேபிள் டென்னிஸில் தாக்குதல் என்றால் பெரும்பாலும் டாப்ஸ்பின்தான். பழைய படங்களில் வரும் தட்டையான 'ஸ்மாஷ்' இன்று எப்போதாவதுதான். இவையிரண்டும் போக பக்கவாட்டுச் சுழற்சி ஒன்று உண்டு. என் பந்தைத் தண்ணீர் டேங்குக்கு அனுப்பியது அதுதான். நல்ல ஆட்டக்காரர்கள் ஒரே பந்தில் இரண்டைக் கலந்தும் தருவார்கள்.

சுழற்சி எங்கிருந்து வருகிறது? பேட்டிலிருந்து. நடுவே மரப்பலகை, அதன்மேல் ஸ்பாஞ்ச், அதன்மேல் ரப்பர். ஸ்பாஞ்சும் ரப்பரும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஐரோப்பிய, ஜப்பானிய ரப்பர்கள் பொதுவாக வழுவழுப்பாக, துள்ளலோடு இருக்கும். லேசாகத் தொட்டாலே பந்து பறக்கும். சீனர்கள் ஃபோர்ஹேண்டுக்கு, அதாவது பேட் பிடித்த கைப்பக்கம் வரும் பந்தை அடிப்பதற்கு, விரும்பும் ரப்பர் வேறு ஜாதி. தொட்டால் விரல் ஒட்டும், அடியிலுள்ள ஸ்பாஞ்ச் கெட்டியாக இருக்கும். புதிதாகப் பிரித்த ரப்பரில் பந்தை அழுத்தி பேட்டைத் தலைகீழாகப் பிடித்தால், பந்து ஓரிரு நொடி ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டுத்தான் விழும். ஷாங்ஹாயின் 'டபுள் ஹேப்பினெஸ்' நிறுவனம் செய்யும் 'ஹரிக்கேன் 3' இந்த ஜாதியில் புகழ்பெற்றது. மா லோங்கின் ஃபோர்ஹேண்ட் பக்கத்தில் இருந்ததும் அதுதான்.

இந்த ஒட்டுரப்பரில் ஒரு சிக்கல் உண்டு. அது தானாக வேகம் தராது. கையை மட்டும் வீசினால் பந்து மந்தமாகப் போகும். காலால் தரையை உந்தி, இடுப்பைத் திருப்பி, தோள்வழியாக அந்த விசையை முழங்கைக்குக் கொண்டுவந்து, கடைசி நொடியில் முன்கையைச் சொடுக்க வேண்டும். சாட்டையை வீசுகிற மாதிரி. மா லோங்கின் ஃபோர்ஹேண்டை ஸ்லோ மோஷனில் பார்த்தால், பேட் நகரத் தொடங்குவதற்கு முன்பே அவருடைய வலது கால் வேலையை ஆரம்பித்துவிட்டிருப்பது தெரியும். அறுகோணத்தில் 'வலிமை' என்று எழுதியிருந்த மூலை இது. புஜபலம் என்று நினைத்துவிட வேண்டாம். பளு தூக்குகிறவர் இவர் பக்கத்தில் வந்து நின்று அடித்தால் பந்து பாதி வேகம்கூடப் போகாது.

வேகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேபிளின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர். இவ்வளவு சின்ன இடத்தில் என்ன ஓட்டம் என்று கேட்கலாம். இடது மூலையில் நின்று ஃபோர்ஹேண்ட் அடித்தவர் அடுத்த பந்துக்கு வலது மூலைக்கு வந்து, மறுபடி இடத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லாம் பந்து இரண்டு முறை நெட்டைக் கடப்பதற்குள். ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்து செய்து பாருங்கள், தெரியும்.

சர்வீஸ்தான் எனக்குப் பிடித்த மூலை.

விதிகள் எளிமையானவை. பந்து விரித்த உள்ளங்கையில் இருக்க வேண்டும். குறைந்தது 16 சென்டிமீட்டர் மேலே எறிய வேண்டும். அது கீழே இறங்கும்போது, டேபிளின் பின்விளிம்புக்கு அப்பால் வைத்து அடிக்க வேண்டும். எதிராளியின் பார்வையிலிருந்து பந்தை மறைக்கக் கூடாது. கடைசி விதி 2002-ல் கடுமையாக்கப்பட்டது. அதற்கு முன் ஆட்டக்காரர்கள் இடது கையையும் தோளையும் திரைபோல் வைத்து, பந்தைத் தொடும் நொடியை மறைத்துவிடுவார்கள். என்ன சுழற்சி என்று யூகிக்கவே முடியாது.

திரை போன பிறகு ஏமாற்ற என்ன வழி? எல்லாவற்றையும் கண்ணெதிரே செய்தே ஏமாற்றுவது. மா லோங் எதிராளிக்குப் பக்கவாட்டாகத் திரும்பி, கடிகார ஊசல்போல முன்கையை வீசி சர்வீஸ் போடுவார். வீச்சு ஒன்றுதான். ஆனால் பந்தின் அடியைத் தொடுகிறாரா, பக்கத்தைத் தொடுகிறாரா, உரசுகிறாரா, உரசுவதுபோல் பாவனை செய்து சும்மா தட்டுகிறாரா என்பது ஒவ்வொரு முறையும் மாறும். தொட்டு முடித்ததும் கை வேறொரு திசையில் ஒரு பொய் அசைவு செய்யும். எதிராளி பார்ப்பது அந்தப் பொய்யை. பம்பரம் விட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். சாட்டை சுற்றுவது எல்லோரும் ஒரே மாதிரிதான். கயிறு கையைவிட்டுப் போகிற அந்த ஒரு நொடியில் மணிக்கட்டு என்ன செய்கிறது என்பதில்தான் பம்பரம் நின்று சுழல்வதும் சாய்ந்து ஓடுவதும் இருக்கிறது.

சர்வீஸ் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். எதிராளியின் பக்கம் நெட்டுக்கு அருகில் விழுந்து, விட்டுவிட்டால் அங்கேயே இரண்டாவது முறையும் குத்தும் அளவுக்குக் குட்டையாகப் போட்டால், எதிராளியால் பேட்டைப் பின்னால் இழுத்து ஓங்கி அடிக்க முடியாது. டேபிளே குறுக்கே நிற்கிறதே. அவர் மெல்லத் தள்ளித்தான் ஆக வேண்டும். தள்ளிய பந்து கொஞ்சம் உயர்ந்தாலும் நீளமாக வந்தாலும் சர்வீஸ் போட்டவர் அடித்துவிடுவார். சர்வீஸ் ஒன்று, எதிராளியின் பதில் இரண்டு, அடி மூன்று. இதற்குப் பெயரே 'மூன்றாம் பந்துத் தாக்குதல்'. சீனப் பயிற்சியின் அடிப்படைகளில் இதுவும் ஒன்று. இருபது முப்பது அடிகள் கொண்ட நீண்ட ரேலிகள் யூடியூபில் லட்சக்கணக்கில் பார்க்கப்படுகின்றன. ஆனால் நிஜ ஆட்டத்தில் பெரும்பாலான புள்ளிகள் முதல் நாலைந்து அடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன.

ஒரு கேம் 11 புள்ளி. ஆளுக்கு இரண்டு சர்வீஸ் மாறி மாறி. 10–10 ஆகிவிட்டால் ஆளுக்கு ஒன்று, இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை. பெரிய போட்டிகளில் ஒற்றையர் ஆட்டம் ஏழு கேம்கள், நான்கு எடுத்தவர் வெற்றி. பழையவர்களுக்கு 21 புள்ளி ஞாபகம் இருக்கும். அது 2001-ல் போய்விட்டது. அதற்கு முந்தைய ஆண்டு பந்தின் விட்டமும் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. பந்து பெரிதானால் வேகமும் சுழற்சியும் குறையும், டிவியில் நன்றாகத் தெரியும் என்ற எண்ணம். 2014-ல் செல்லுலாய்டு பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் பந்து வந்தது. அதில் சுழற்சி இன்னும் குறைந்தது.

அடுத்தது தடுப்பு. இதைச் சொல்லும்போது அனுபவமும் சேர்ந்தே வரும், ஏனென்றால் மா லோங்கின் குழி இங்கேதான் இருந்தது.

சீன அணி எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1959-ல் ஜெர்மனியின் டார்ட்முண்டில் ரோங் குவோதுவான் ஒற்றையர் பட்டம் வென்றார். எந்த விளையாட்டிலும் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அன்றிலிருந்து இந்த விளையாட்டு அவர்களுக்கு வெறும் விளையாட்டில்லை. விளையாட்டுப் பள்ளிகள், மாகாண அணிகள், தேசிய இரண்டாம் அணி, முதல் அணி என்று படிப்படியாக வடிகட்டி வருகிறார்கள். பயிற்சிக்குத் துணையாட்டக்காரர்களும் உண்டு. அவர்களில் சிலரின் வேலை, வெளிநாட்டுப் போட்டியாளர்களின் ஆட்டத்தை அப்படியே நகலெடுத்து ஆடிக்காட்டுவது. 1988-ல் டேபிள் டென்னிஸ் ஒலிம்பிக்குக்குள் வந்ததிலிருந்து பாரிஸ் 2024 வரை கொடுக்கப்பட்ட 42 தங்கங்களில் 37 சீனாவுக்கு.

இவ்வளவு பலம் என்றால் ஒரு சீன ஆட்டக்காரருக்கு யார் எதிரி? பக்கத்து டேபிளில் பயிற்சி செய்கிற சீனர்தான். அவருக்கு உங்கள் சர்வீஸ் அத்தனையும் அத்துப்படி. காலையில் சேர்ந்து சாப்பிட்டிருப்பீர்கள்.

மா லோங் 2006-ல் ஜெர்மனியின் பிரேமனில் உலக அணிப் பட்டம் வென்ற சீன அணியில் இருந்தபோது அவருக்கு 17 வயது. 2010 தொடக்கத்தில் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்துவிட்டார். ஃபோர்ஹேண்டைப் பார்த்து எல்லோரும் வாய்பிளந்தார்கள். ஆனால் உலக ஒற்றையர் பட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை. 2009 யோகோஹாமா: அரையிறுதியில் தோல்வி. 2011 ராட்டர்டாம்: அரையிறுதியில் தோல்வி. 2013 பாரிஸ்: அரையிறுதியில் தோல்வி. மூன்று முறையும் தோற்கடித்தவர் ஒரே ஆள், சக அணி வீரர் வாங் ஹாவ்.

வாங் ஹாவ் பேட்டைப் பேனாபோலப் பிடிப்பவர். டேபிள் டென்னிஸில் இரண்டு பிடிகள் உண்டு. கைகுலுக்குவதுபோலப் பிடிப்பது ஒன்று, மா லோங்கும் இன்றைய பெரும்பாலானவர்களும் அப்படித்தான். பேனா பிடிப்பதுபோல, பேட்டின் தலை கீழ்நோக்கித் தொங்க, ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கைப்பிடியைக் கவ்வப் பிடிப்பது இன்னொன்று. பழைய ஆசியப் பாணி. அதில் பேக்ஹேண்ட், அதாவது பேட் பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிப்பது, எப்போதும் பலவீனம். வாங் ஹாவ் பேட்டின் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டி, மணிக்கட்டைத் திருப்பி அந்தப் பின்பக்கத்தாலேயே டாப்ஸ்பின் அடித்து, பலவீனத்தையே ஆயுதமாக்கியவர். மா லோங்கின் பேக்ஹேண்டுக்கு அன்று அந்தக் கூர்மை இல்லை. பெரிய ஆட்டங்களில் மனம் கொஞ்சம் இறுகிப்போகும் என்றும் அவரைப் பற்றிப் பேச்சு இருந்தது.

இதற்கு நடுவில் இன்னொருவர் முந்திக்கொண்டார். ஜாங் ஜிக்கே, அதே 1988-ல் பிறந்தவர். அவருடைய பெரிய ஆயுதம் சர்வீஸை எடுக்கும் விதம். குட்டையாக வரும் சர்வீஸை எல்லோரும் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தபோது, முழங்கையை உயர்த்தி, மணிக்கட்டை உள்ளே மடக்கி, டேபிளுக்கு மேலேயே பேக்ஹேண்டால் சுழற்றி அடிப்பார். பந்து வாழைப்பழம்போல வளைந்து போகும். அதனால் அந்த அடிக்கே வாழைப்பழப் பெயர்தான். மேலே சொன்ன மூன்றாம் பந்துத் தாக்குதலின் அடிமடியிலேயே இது கைவைத்தது. 2011 உலகப் பட்டம், அதே ஆண்டு உலகக் கோப்பை, 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம் என்று 445 நாளில் ஜாங் மூன்றையும் முடித்துவிட்டார்.

இந்த மூன்றையும் சேர்த்து வெல்வதற்குத்தான் டேபிள் டென்னிஸில் 'கிராண்ட் ஸ்லாம்' என்று பெயர். டென்னிஸில் வருகிற நான்கு போட்டிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆண்களில் இதுவரை ஆறே பேர்: ஸ்வீடனின் யான்-ஓவே வால்ட்னர், சீனர்களான லியூ குவோலியாங், கோங் லிங்ஹுய், ஜாங் ஜிக்கே, மா லோங், பாரிஸ் 2024-ல் சேர்ந்த ஃபான் ஜென்தோங்.

லண்டனில் மா லோங் அணிப் போட்டியில் தங்கம் வாங்கினார், ஆனால் ஒற்றையரில் ஆடவே இல்லை. காரணம் ஒரு விதி. 2008 பெய்ஜிங்கில் ஆண், பெண் ஒற்றையர் பதக்கங்கள் ஆறும் சீனாவுக்கே போயின. மேடையில் மூன்று சீனக் கொடிகள் ஏறியதைப் பார்த்துச் சீனர்களைத் தவிர வேறு யாரும் பெரிதாக மகிழவில்லை. லண்டன் முதல் ஒரு நாட்டுக்கு ஒற்றையரில் இரண்டே பேர் என்று வைத்தார்கள். சீனா ஜாங்கையும் வாங் ஹாவையும் அனுப்பியது. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் கேலரியில் உட்கார்ந்திருந்தார்.

2013-க்குப் பிறகு மா லோங்கின் பேக்ஹேண்டைப் பார்த்தால் வேறு ஆள்போல இருக்கும். வாழைப்பழ அடியை அவரும் கற்றுக்கொண்டார். அதைவிடப் பெரிய மாற்றம், சர்வீஸை எடுக்கும்போது அவர் காட்டிய பொறுமை. எதிராளியின் குட்டைப் பந்தை அதைவிடக் குட்டையாகத் திருப்பி வைப்பது, அவர் பொறுமையிழந்து தள்ளும்வரை காத்திருப்பது, பிறகு அந்த ஃபோர்ஹேண்ட். ஓங்கி அடிக்கத் தெரிந்த ஒருவர் அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன். வேறு விதமாகப் பார்க்கிறவர்களும் உண்டு. புதிய பிளாஸ்டிக் பந்தில் சுழற்சி குறைந்தது அவருடைய நேரடியான ஆட்டத்துக்கு வசதியாகிவிட்டது என்பார்கள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பந்து எல்லோருக்கும் ஒன்றுதான்.

2015, சீனாவின் சுஜோ நகரம். இறுதியில் சக வீரர் ஃபாங் போவை 4–2 என வென்று முதல் உலக ஒற்றையர் பட்டம். அதே ஆண்டு உலகக் கோப்பை. அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அதிர்ச்சியாக ஓர் ஆட்டம் வந்தது. தென்கொரியாவின் ஜங் யங்-சிக் முதல் இரண்டு கேம்களையும் பறித்துவிட்டார். 0–2. முன்பிருந்த மா லோங் என்றால் அங்கேயே இறுகியிருப்பார். இவர் அடுத்த நான்கையும் எடுத்தார். இறுதியில் ஜாங் ஜிக்கேயை 4–0. முதல் கேம் மட்டும் 14–12 வரை இழுத்தது, மற்ற மூன்றில் ஜாங் ஐந்து புள்ளியைத் தாண்டவில்லை. வென்றதும் கேமராவைப் பார்த்து இரு கையாலும் இதயம் காட்டினார்.

2017 டுசல்டார்ஃப் இறுதிதான் என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த ஆட்டம். எதிரே ஃபான் ஜென்தோங், அவரைவிட எட்டு வயதுக்கு மேல் இளையவர், பேக்ஹேண்டில் அசுரன். ஆளுக்கு மூன்று கேம். ஏழாவது கேம் 10–10. ஒரு தப்பு நடந்தால் பட்டம் கைமாறும் நிலையில், பாதுகாப்பாகத் தள்ளிவிடலாம் என்று இருவருமே நினைக்கவில்லை. மா லோங் 12–10. இரண்டாண்டு கழித்து புடாபெஸ்டில் ஸ்வீடனின் மத்தியாஸ் ஃபால்க்கை வென்று தொடர்ந்து மூன்றாவது முறை. 1961, 63, 65-ல் ஜுவாங் செதோங் செய்த பிறகு ஆண்கள் ஒற்றையரில் யாரும் செய்யாதது. இவ்வளவும் முழங்கால் வலியோடு. அந்த ஆண்டே அறுவை சிகிச்சையும் நடந்தது.

2021-ல், ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வந்தபோது வயது 32. இங்கேதான் நம்மூர் ஆள் ஒருவர் கதைக்குள் வருகிறார். சென்னையின் சரத் கமல், அப்போது 39 வயது. மூன்றாவது சுற்றில் மா லோங்கை எதிர்கொண்டார். முதல் கேம் 7–11. இரண்டாவதை சரத் 11–8 என எடுத்தார். மூன்றாவதில் இருவரும் பத்தைத் தாண்டினார்கள். அந்தச் சில நிமிடங்கள் நம் வீடுகளில் மூச்சு விடாமல் டிவி பார்த்தார்கள். மா லோங் 13–11. அடுத்த இரண்டும் 11–4, 11–4.

அந்த ஆட்டத்தில் அனுபவம் என்ற மூலையைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றாவது கேம்வரை மா லோங் சரத்தின் சர்வீஸையும், அந்த உயரத்திலிருந்து இறங்கும் ஃபோர்ஹேண்டையும் எடைபோட்டுக்கொண்டே இருந்தார். எடை தெரிந்த பிறகு கதவைச் சாத்திவிட்டார். அரையிறுதியில் ஜெர்மனியின் திமித்ரி ஒவ்ச்சாரோவ் அவரை ஏழு கேம் வரை இழுத்தார். அதையும் தாண்டி, இறுதியில் மறுபடியும் ஃபான் ஜென்தோங், 4–2. ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தை அடுத்த ஒலிம்பிக்கிலும் தக்கவைத்த முதல் ஆண் அவர். 2024-ல் மக்காவில் நடந்த உலகக் கோப்பை இறுதியில், 35 வயதில், லின் காவ்யுவானிடம் 0–3 எனப் பின்தங்கி, அடுத்த நான்கு கேமையும் வென்று மூன்றாவது முறை கோப்பையை எடுத்தார். ஒலிம்பிக் இரண்டு, உலகப் பட்டம் மூன்று, உலகக் கோப்பை மூன்று. கிராண்ட் ஸ்லாமை இரண்டு முறை முடித்த ஆண் இவர் ஒருவர்தான்.

2024 ஜூலை 26 அன்று பாரிஸில், சென் நதியில் படகுகள் அணிவகுத்தபோது சீனக் கொடியைப் பிடித்த இருவரில் ஒருவர் மா லோங். இந்தியப் படகில் பி.வி. சிந்துவோடு கொடி பிடித்தவர் சரத் கமல். மா லோங் அங்கே ஒற்றையர் ஆடவில்லை. அணிப் போட்டியில் வாங் சூச்சினோடு இரட்டையர் ஆடி ஆறாவது தங்கத்தோடு முடித்துக்கொண்டார்.

இவ்வளவையும் படித்தவர்கள் டோக்கியோவின் அந்த சரத்–மா லோங் ஆட்டத்தை ஒருமுறை இணையத்தில் தேடிப் பாருங்கள். மூன்றாவது கேமை மட்டும் இரண்டு தடவை. முதல் தடவை பந்தையே பார்க்கக் கூடாது. சர்வீஸ் போடுகிறவரின் முன்கையையும், எடுக்கிறவர் பேட்டைச் சாய்க்கும் கோணத்தையும் மட்டும் பாருங்கள். எடுக்கிறவர் பேட்டின் முகத்தை மேல்நோக்கித் திறந்தால் வந்தது கட், கீழ்நோக்கிக் கவிழ்த்தால் டாப்ஸ்பின். இரண்டாவது தடவை மா லோங்கின் கால்களை மட்டும் பாருங்கள்.